காந்தப் பட்டையும் இரும்பு மாத்திரையும்

1991-ஆம் வருடம் நான் ஒரு விளக்கத் தாளில் ஒரு பொய்யான வாக்கியத்தை எழுதினேன். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். அதை நம்பி, எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தி, அரசாங்க நர்ஸ் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகளை நிறுத்திவிட்டாள். ரத்தம் குறைந்து வேலை செய்யும் இடத்திலேயே விழுந்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை வைத்திருந்து சொன்னால், நடுவில் எங்காவது நீங்கள் என்னை நல்லவன் என்று முடிவு செய்துவிடக்கூடும்.

என்னிடம் ஒரு காலத்தில் வேலை பழகிய முருகவேல் இப்போது ஒரகடத்தில் பெரிய தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுக்குத் தலைவர். அவர்கள் நடத்தும் இதழுக்கு, "உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க சார்" என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சாக்குச் சொல்லி வந்தேன். போன மாதம் அவர் தன் அம்மாவின் முழங்கால் வலிக்கு வாங்கலாமா என்று கேட்டு ஒரு விளம்பரத்தை அனுப்பினார். வீட்டில் வைத்துக்கொள்ளும் சிகிச்சைக் கருவி. காந்தமும் மின்காந்த அலையும் சேர்ந்து உடலின் 'ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை'க் குறைக்குமாம். முதலில் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போங்கள், இப்போது சாப்பிடும் மருந்து எதையும் நிறுத்தவிடாதீர்கள் என்று பதில் அனுப்பினேன். பிறகு இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பௌதிகத்தில் முதுகலை படித்தவன். கிண்டியில் ரேடியோ பாகங்கள் செய்யும் பட்டறையில் ஆறு வருடம் பரிசோதனை வேலை பழகினேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மீட்டர் முள்ளை நேராகப் பார்க்கவேண்டும், சாய்வாகப் பார்த்தால் கணக்குத் தப்பும் என்பதை அங்கே கற்றேன். அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, சுங்குவார்சத்திரம் போகும் வழியில் இருந்த ஒரு சிறு தொழிற்சாலைக்கு வந்தேன். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகை. வீட்டுக்கான ஸ்டெபிலைசர்கள் செய்தோம். செம்புக் கம்பிச் சுருள் சுற்றுவது முழுக்கப் பெண்கள். அப்போது இருங்காட்டுக்கோட்டையில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. கார் தொழிற்சாலை எதுவும் வரவில்லை.

1991 மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூரின் பெயர் உலகத்துக்கே தெரிந்துபோன காரணத்தை நான் எழுத வேண்டியதில்லை. அதன் பிறகு பல வாரங்கள் எங்கள் வேன் எங்கே போனாலும் நிறுத்தினார்கள். கம்பியும் சுருளும் பெட்டியுமாக இருந்த சரக்கை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டவேண்டியிருந்தது. கடைக்காரர்கள் வேறு இடத்தில் வாங்கத் தொடங்கினார்கள். ஆர்டர் குறைந்தது. கொட்டகையை மூடிவிடுவார்களோ என்று பெண்கள் சாப்பாட்டு வேளையில் பேசிக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில்தான் முதலாளி வெளிநாட்டிலிருந்து ஒரு மாதிரிக் கருவி கொண்டுவந்தார்: இடுப்பில் கட்டும் அகலமான பட்டை, அதற்குள் சிறு காந்தங்களும் ஒரு கம்பிச் சுருளும், பக்கத்தில் மின்சாரப் பெட்டி, நேரம் வைக்க ஒரு திருகு, ஒரு பச்சை விளக்கு. சுருள் சுற்ற எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு மாதத்தில் நாங்களே செய்ய ஆரம்பித்தோம். அந்தப் பட்டை எங்கள் வேலையைக் காப்பாற்றியது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

எங்கள் மேனேஜர் வேதமுத்து சார் பாளையங்கோட்டைக்காரர். இந்தப் பக்கம் வந்து இருபது வருடமாகியும் அவர் பேச்சு மாறவில்லை. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. சந்தேகம் வந்தால் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பார்.

"பாத்தீரா?"

"பாத்தேன் சார்."

"நீரே பாத்தீரா?"

"நானேதான் சார்."

"இப்ப பாத்தீரா, நேத்து பாத்ததச் சொல்லுதீரா?"

மூன்றாவது கேள்வியில் நான் பெரும்பாலும் எழுந்து மறுபடி பார்க்கப் போய்விடுவேன். சோதனைச் சீட்டில் வெறும் இனிஷியல் போட விடமாட்டார். "முழுப் பேரையும் எழுதும். எழுதி முடிக்கதுக்குள்ள ஒரு தடவ யோசிக்கலாம்லா" என்பார். காகிதத்தில் ஏதாவது பிடிக்கவில்லை என்றால் அடிக்கமாட்டார், திருத்தமாட்டார். ஓரத்தில் பென்சிலால் 'பேசவும்' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். அதைக் கண்டால் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போகவேண்டும். உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, "இத எனக்கு விளங்கப் பண்ணும்" என்பார். விளங்கப்பண்ண முயலும்போது நம் தப்பு நமக்கே தெரிந்துவிடும்.

பட்டையைச் சோதிக்கும் முறையை அவரும் நானும் சேர்ந்து வகுத்தோம். இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லாமல் மரமுளை அடித்துச் செய்த மேஜை. முதலில் மின்கசிவு பார்க்கவேண்டும். இது மனிதர் உடம்பில் கட்டுகிற பொருள். பிறகு இருபது நிமிடம் ஓடவிட்டுச் சூடு பார்க்கவேண்டும். கடைசியாகக் காந்தப் புலம் அளக்கும் மீட்டரை மேலே வைத்து ஒரு அளவு, நான்கு விரல் உயரத்தில் ஒரு அளவு. பட்டையின்மேல் முள் நன்றாக ஏறும். நான்கு விரல் தள்ளிப் பிடித்தால் அநேகமாக அசையாது. ஒவ்வொரு சீட்டிலும் இந்த இரண்டு அளவையும் நானே எழுதி, கீழே கோ. சபாபதி என்று முழுப் பெயரும் எழுதினேன். ஆகவே அந்தக் காந்தம் உடம்புக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பது இந்தியாவில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

கருவியோடு வந்த ஆங்கிலத் தாளைத் தமிழில் எழுதும் வேலையை முதலாளி எனக்குக் கொடுத்தார். காந்தமும் அலையும் உடலின் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் குறைக்க உதவக்கூடும் என்று அதில் இருந்தது. கீழே சிறிய எழுத்தில், இது மருத்துவ சிகிச்சைக்கு மாற்று ஆகாது என்றும் இருந்தது. அந்த அழுத்தத்துக்கு நான் முதலில் 'ஆக்சிகரண நெருக்கடி' என்று எழுதினேன். படிக்கிறவர்களுக்குப் புரிகிறதா பார்க்கலாம் என்று சாப்பாட்டு வேளையில் சுருள் சுற்றும் பெண்களிடம் உரக்கப் படித்துக்காட்டினேன்.

"நெருக்கடின்னா காலைல தண்டலத்துல பஸ் ஏறுறமே, அதுதான சார்?" என்றாள் சரோஜா.

"மொதல்ல அதுக்கு ஒரு பெல்ட்டு குடுங்க சார்" என்றாள் பிலோமினா. எல்லோரும் சிரித்தார்கள்.

பிலோமினாவுக்கு அப்போது இருபத்துமூன்று வயது இருக்கும். தண்டலத்துக்கு உள்ளே ஒரு கிராமம். கணவன் கல் குவாரியில் வேலை. எங்கள் கொட்டகையிலேயே வேகமான கை அவளுடையது. பேசிக்கொண்டே சுற்றுவாள், சுற்று எண்ணிக்கை தப்பாது. எட்டாவது வரை படித்தவள். கையில் கிடைக்கும் காகிதத்தையெல்லாம் படிப்பாள், பஜ்ஜி சுற்றிவந்த காகிதம் உட்பட.

நான் விளக்கிச் சொன்னேன். நாம் மூச்சு விடுகிற காற்றே உடம்புக்குள் சிலதைக் கெடுக்கிறது, மழையில் கிடக்கும் இரும்பு கெடுகிற மாதிரி என்று.

"இன்னா சார் இது, துருன்னு சொல்லிட்டுப் போவாம?" என்றாள் பிலோமினா. "எங்க வூட்டு டிரங்குப் பொட்டிக்கு வர்றது எனக்கும் வருதுன்றீங்க. அவ்ளோதான?"

நல்ல சொல். உவமையாக மட்டும் நின்றிருந்தால் ஒரு தீங்கும் வந்திருக்காது. ஆனால் எழுதுகிறவனுக்கு ஒரு நல்ல சொல் கிடைத்தால் அதோடு நிற்கமாட்டான். காந்தம், துரு, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்ததும் வாக்கியம் தானாக ஓடியது. 'உடலில் படியும் துருவைக் காந்தம் இழுத்து வெளியேற்றும்' என்று எழுதினேன். 'உதவக்கூடும்' போய்விட்டது. சிகிச்சைக்கு மாற்று ஆகாது என்ற வரியை, இடம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன். தாளில் இடம் இருந்தது.

வேதமுத்து சாரிடமிருந்து காகிதம் திரும்பி வந்தது. அந்த வாக்கியத்துக்கு எதிரே 'பேசவும்' என்று இருந்தது.

நான் போகவில்லை. போனால் விளங்கப் பண்ணவேண்டும்; விளங்கப் பண்ண முடியாது என்று தெரியும். அன்று மதியம் முதலாளி கொட்டகைக்கு வந்தபோது அவரிடம் நேராகக் கொடுத்தேன், பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்துவிட்டு. அவர் இரண்டு தடவை படித்தார். "படிச்சவன் படிச்சவன்தான்யா. இழுத்து வெளியேற்றும்! எவ்ளோ அழகா கீது" என்று என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலுக்காகத்தான் செய்தேன் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அடுத்த வாரம் அச்சாகி வந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு, மின்சாரப் பெட்டியில் பெயிண்ட் சரியாக விழாத பட்டைகளை முதலாளி எல்லாத் தொழிலாளிகளுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். ஒவ்வொரு பெட்டியிலும் என் தாள். பிலோமினா அப்போது நாலு மாத கர்ப்பம். வாங்கிக்கொண்டு, "சார் எழுதுனது, நான் பேர் வெச்சது" என்று சரோஜாவிடம் பெருமையாகக் காட்டினாள்.

டிசம்பரில் ஒரு முற்பகல், மீட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது சுருள் சுற்றும் பக்கம் ஒரு இயந்திரத்தின் சத்தம் மட்டும் மாறியது. கம்பி அறுந்து வெறுமனே சுழலும் சத்தம். பிறகு சரோஜாவின் கத்தல். பிலோமினா முக்காலியிலிருந்து சரிந்து கிடந்தாள். உதடு சுண்ணாம்பு மாதிரி இருந்தது. வேனில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம், நானும் சரோஜாவும்.

அவள் கிராமத்துக்கான நர்ஸ் கஸ்தூரியம்மா அன்று அங்கே இருந்தார். எல்லோருக்கும் நர்சம்மா. பிலோமினாவின் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை.

"மாத்திரை சாப்டியா?"

"நிறுத்திட்டேன் நர்சம்மா."

"எப்பலேர்ந்து?"

"ஆயுத பூஜ கழிச்சி."

"ஏண்டி?"

பிலோமினா தன் சாப்பாட்டுப் பையைக் காட்டினாள். அதில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், கர்ப்பிணி அட்டையோடு சேர்த்து, என் தாள் நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. நர்சம்மா படித்துக்கொண்டிருக்கும்போதே பிலோமினா மெல்லிய குரலில் விளக்கினாள்.

"மாத்திர இரும்புன்னு நீங்கதான சொன்னீங்க. இரும்புன்னா துரு புடிக்கும். மாத்திர துன்னதுலேர்ந்து கருப்பு கருப்பா வெளிக்கு போச்சி. அது துருதான? ஒரு பக்கம் துருவ ஏத்திக்கினு, ஒரு பக்கம் பெல்ட்டு கட்டி எறக்கிக்கினு… அதான் ஏத்துறத நிறுத்திட்டேன்."

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகத்தான் போகும். அதில் கெடுதல் ஒன்றுமில்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு யோசித்தால் அவள் வந்த முடிவைத் தவிர வேறு முடிவுக்கு வர முடியாது. அவ்வளவு சீராக யோசித்திருந்தாள்.

"எந்தப் படிச்ச கம்மனாட்டி இத எழுதுனது?" என்று நர்சம்மா என்னைப் பார்த்தார். "உங்க கம்பெனிதான சார்?"

"எங்க ஆபீஸ்ல தயார் பண்ணதும்மா" என்றேன்.

சரோஜா என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நர்சம்மா பிலோமினா பக்கம் திரும்பி, சுற்றியிருந்த நோயாளிகள் எல்லோருக்கும் கேட்க, "பேப்பர்ல போட்டா நம்பிருவியா? வயித்துல ஒண்ணக் கொன்னுடப் பாத்தியேடி. புத்தி கீதா உனக்கு?" என்று திட்டினார். நான் பக்கத்திலேயே நின்றேன். இரண்டாவது தப்பு அது. முதலாவதைவிடப் பெரியது என்று இன்றும் நினைக்கிறேன்.

காஞ்சிபுரம் அரசு ஆஸ்பத்திரியில் அவளுக்கு ரத்தம் ஏற்றினார்கள். கணவனும் அவன் தம்பியும் கொடுத்தார்கள். தாயும் பிள்ளையும் தப்புவது இனிமேல் உடம்பில் ஊறும் ரத்தத்தைப் பொறுத்தது, மாத்திரை ஒரு நாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

மறுநாள் நான் வேதமுத்து சார் அறைக்குப் போனேன். ரப்பரால் அழித்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீ வரவழைக்கவில்லை.

"'பேசவும்'னு எழுதினேன்லா" என்றார். "நாலு நாள் பாத்தேன். நீரு வரல. அச்சாகியே வந்திருச்சி. அப்பமாவது நான் உம்மக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். மொதலாளிக்குப் பிடிச்சுப் போச்சே, நமக்கென்னன்னு இருந்துட்டேன். இதுல நானும் இருக்கேன் சபாபதி."

பிறகு, "அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிட்டீரா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய?" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு சரோஜாவைக் கூட்டிக்கொண்டு பிலோமினா வீட்டுக்குப் போனேன். அவள் தரையில் உட்கார்ந்து காகித நட்சத்திரத்துக்கு மூங்கில் குச்சி கட்டிக்கொண்டிருந்தாள். முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது. அவள் கணவன் கவலையோடு மாத்திரைப் பொட்டலத்தைக் காட்டினான். பிரிக்கவே இல்லை.

"நீங்களாவது சொல்லுங்க சார். நர்சம்மா ரெண்டு வாட்டி வந்து கத்திட்டுப் போய்ட்டாங்க. தொட மாட்டேன்றா."

"மாத்திரையும் வாணாம், பெல்ட்டும் வாணாம்" என்றாள் பிலோமினா. "கருப்பா போனத நான் கண்ணால பாத்தேன். துரு இல்லன்னா அது இன்னா? பேப்பர்ல ஒண்ணு சொல்றீங்க, ஆஸ்பத்திரில ஒண்ணு சொல்றாங்க. புத்தி இல்லாதவ எத நம்புறது?"

"அந்த வரிய எழுதுனது நான்தான். பொய்னு தெரிஞ்சே எழுதினேன்" என்றேன்.

அவள் குச்சியைக் கீழே வைத்தாள்.

"நீங்க எழுதுனதுன்னு தெரியும். பொய்யின்னு தெரியாது." என்றாள். "எனக்குப் புத்தி கீதான்னு நர்சம்மா கேட்டப்ப பக்கத்துலதான நின்னுகினு இருந்தீங்க?"

"ஆமா."

"ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லல."

"நான் போட்ட கணக்கு தப்பா சார்?"

"இல்லம்மா. நான் எழுதுனது நெசமா இருந்திருந்தா உன் கணக்கு சரி. உன் பேர்ல ஒரு தப்பும் இல்ல."

"அப்ப அத இங்க ஏன் சொல்றீங்க, எங்க வூட்டு செவுத்துக்கா? செவ்வாக்கெழம கர்ப்பிணிங்க எல்லாம் வருவாங்க. நர்சம்மா இருப்பாங்க. அங்க வந்து சொல்லுங்க. சொன்னா மாத்திர துன்றேன்."

"இன்னிக்கே ஒண்ணு சாப்பிடக்கூடாதா? நாள் போகுதே" என்று கெஞ்சினேன்.

"செவ்வாக்கெழம" என்றாள். நட்சத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அந்த இடைப்பட்ட நாட்களில் நான் தூங்கியதாக நினைவில்லை. செவ்வாய்க்கிழமை துணைச் சுகாதார நிலையத்தில் இருபது பெண்கள் போல இருந்தார்கள். ஒரே அறை, ஒரு எடை பார்க்கும் கருவி, ஒரு தண்ணீர்ப் பானை. வேதமுத்து சாரும் வந்து வாசலருகே நின்றுகொண்டார், நான் கூப்பிடவில்லை. என் தாளை எடுத்து அந்த வாக்கியத்தைப் படித்தேன். பெயரைச் சொன்னேன். இதை எழுதியது நான், இது பொய், காந்தம் ரத்தத்திலிருந்து எதையும் இழுக்காது, இழுக்காது என்று மீட்டர் வைத்து அளந்து தெரிந்த பிறகும் எழுதினேன் என்று சொன்னேன். ரத்தத்தில் இருக்கும் இரும்பு துரு அல்ல, அதுதான் மூச்சுக் காற்றைப் பிள்ளைக்குச் சுமந்து போகிறது என்றேன்.

"அப்ப எங்க வூட்ல கீற பெல்ட்டு இன்னாத்துக்கு சார் ஆவும்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"ஒன் ஊட்டுக்காரு வாய்ல கட்டு" என்றார் நர்சம்மா. அறையே சிரித்தது. சிரிப்பு அடங்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு சிறு பெண், தலைப்பிள்ளைக்காரி, "நானும் நிறுத்திட்டேன்" என்றாள். அவள் எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள் அல்ல. அவள் கணவன் சுங்குவார்சத்திரத்தில் கடையில் பட்டை வாங்கி வந்திருந்தான். என் வாக்கியத்தால் கெட்டது ஒருத்தி மட்டும் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

நர்சம்மா பிலோமினா பக்கம் திரும்பினார். "அன்னிக்கு உன்ன கேட்டேன் இல்ல, புத்தி கீதான்னு? ஆள் மாத்திக் கேட்டுட்டேன்மா" என்றார்.

பிலோமினா எழுந்து பானையில் தண்ணீர் மொண்டு, பொட்டலத்தைப் பிரித்து, எல்லோரும் பார்க்க ஒரு மாத்திரையை விழுங்கினாள். பிறகு என்னைப் பார்த்து, "நாளிக்கும் கருப்பாத்தான் போவும், பயப்படாதீங்கன்னு சொல்லுங்க. நீங்க சொல்லணும்" என்றாள். சொன்னேன். படித்த மனிதனாக நான் பொதுவில் பேசிய பேச்சுகளில் மிகப் பயனுள்ளது மலத்தின் நிறத்தைப் பற்றியது.

மிச்சம் இருந்த பெட்டிகளிலிருந்து தாளை எடுத்துவிட வேண்டும் என்று வேதமுத்து சாரும் நானும் முதலாளியிடம் போனோம். "நம்ம பொருள நாமளே பொய்யின்னு சொல்றதா?" என்று அவர் கத்தினார். "பொருள ஒண்ணும் சொல்லல. வாக்கியத்தத்தான் சொல்லுதோம்" என்றார் வேதமுத்து சார். அதே சொல்லை மூன்று தடவை, மூன்று விதமாகச் சொன்னார். கடைசியில் முதலாளி தாளை மாற்ற ஒப்புக்கொண்டார். நான் விட்டுவிட்ட 'சிகிச்சைக்கு மாற்று ஆகாது' என்ற வரியைப் புதிய தாளில் முதல் வரியாகப் போட்டோம்.

ஏற்கெனவே விற்றுப்போனவற்றுக்கு உத்தரவாத அட்டைகள் வந்திருந்தன, வாங்கியவர் விலாசத்தோடு. ஒவ்வொருவருக்கும் என் கையால் அஞ்சலட்டை எழுதினேன். அந்த வாக்கியம் தவறு, எழுதியவன் நான், மருந்து எதையும் நிறுத்தியிருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள் என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டேன். ஆரணிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், என் அட்டையிலேயே இரண்டு ஒற்றுப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி, உறைக்குள் வைத்துத் திருப்பி அனுப்பினார். பட்டை முதுகுக்கு இதமாக இருப்பதால் அதைத் திருப்பித் தருவதற்கில்லை என்றும் எழுதியிருந்தார். ஒருவர் சர்க்கரை மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டதாக நன்றி எழுதினார். பெரும்பாலானவர்கள் பதில் போடவில்லை. உத்தரவாத அட்டையே அனுப்பாதவர்கள் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியாது. பிலோமினா விழுந்தது என் கண் முன்னால் என்பதால் தெரிந்தது. என் கண்ணுக்குத் தெரியாமல் யார் எங்கே விழுந்தார்கள் என்பதை நான் இந்த ஜன்மத்தில் அறியப்போவதில்லை. அந்தக் கணக்கு தீராது.

ஆனாலும் நான் நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வேலையை விட்டுப் போகச் சொல்லியிருக்கலாம், முதலாளி சொல்லவில்லை. வேதமுத்து சார் ஓய்வு பெற்றபோது அவர் இடம் எனக்கு வரவில்லை, அது நியாயம்தான். கேள்விக்கு முன்பாகவே எழுந்து மறுபடி பார்க்கும் பழக்கத்தை அவர் எனக்கு விட்டுப்போனார். நர்சம்மா அதன் பிறகு பல வருடங்கள், எந்த மருந்தைப் பற்றி எந்தத் துண்டுத்தாள் ஊருக்குள் வந்தாலும் அதை எனக்குக் கொடுத்தனுப்பி, "இது எந்தக் கம்மனாட்டி எழுதுனதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதைவிட மரியாதையான வேலையை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

மார்ச் மாதத்தில் பிலோமினாவுக்குப் பெண் பிறந்திருக்கிறது என்று சரோஜா வந்து சொன்னாள். காஞ்சிபுரத்துக்குப் போனேன். வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். பிள்ளை சிறியதாகத்தான் இருந்தது, இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். ஆனால் அழுகைச் சத்தம் வராந்தாவிலேயே கேட்டது. பிலோமினாவின் உதட்டில் நிறம் வந்திருந்தது. நான் வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"எங்க பக்கத்துல, படிச்ச பெரியவங்க வந்தா பேர் வெக்கச் சொல்லிக் கேப்போம்" என்றாள் அவள். "உங்கள நான் கேக்க மாட்டேன் சார். கோவம் இன்னும் போவல."

"சரிம்மா" என்றேன்.

"ஆனா இம்மாந்தூரம் வந்துகீறீங்க" என்று சொல்லி, துணியோடு சேர்த்துப் பிள்ளையை எடுத்து நீட்டினாள். "கைய நல்லா விரிச்சிப் புடிங்க. தல நிக்காது."

பழங்களைக் கட்டிலில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.